தொப்பை குறையணும், ஸ்குவாட் குறையக் கூடாது: 1900 கலோரிக்கு நான் வந்து சேர்ந்த கதை

கிச்சன் தராசு ஒன்றை வாங்கி அடுப்பு மேடையில் வைத்த அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி, "எதுக்குக் கண்ணு, நகைக்கடை வெக்கப் போறியா?" அடுத்த நாள் காலையில் நான் இட்லியை எடுத்து அதில் வைத்து எடை பார்த்ததும் சிரிப்பு போய் கவலை வந்துவிட்டது. மகனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அந்த இட்லி 52 கிராம் இருந்தது, அறுபது எழுபது கலோரிக்குள் வரும். பிரச்சினை இட்லியில் இல்லை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

எனக்கு 39 வயது, உயரம் 172 சென்டிமீட்டர், சித்திரை மாதம் எடை 86 கிலோ. ஈரோட்டில் ஜவுளிக் கணக்கு எழுதும் வேலை, அதாவது முழு நேர நாற்காலி வேலை. வாரத்துக்கு நான்கு நாள் காலையில் ஜிம்முக்குப் போகிறேன், அங்கே ஸ்குவாட் (பார்பெல் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் (படுத்தபடி அதை மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்கி நிற்பது) என்று பழைய பாணியில் எடை தூக்குவது மட்டும்தான். சித்திரைக்கும் ஆவணிக்கும் நடுவில் ஐந்தரை கிலோ போல குறைந்தேன், தூக்குகிற எடை குறையவில்லை, கொஞ்சம் கூடவே செய்தது. உடனே ஜிம்மில் நாலு பேர் கேட்டார்கள், "எத்தனை கலோரிங்க சாப்பிடறீங்க?" 1900 என்று சொன்னால் நாளைக்கே அவர்களும் 1900-இல் ஆரம்பித்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அது என் எண். எப்படி வந்தது என்பதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், எண்ணை அல்ல.

அந்த எண்ணுக்கு வருவதற்கு முன்னால் இரண்டு தடவை மண்ணைக் கவ்வினேன்.

முதல் தடவை, பொங்கல் முடிந்த கையோடு. ஜிம் மாஸ்டர் ஒருவர் (இப்போது நான் போகிற ஜிம் அல்ல) ஒரு பேப்பரில் டயட் சார்ட் எழுதிக் கொடுத்தார். காலை ஓட்ஸ், மதியம் இரண்டு சப்பாத்தி, ராத்திரி வெள்ளரிக்காய். மொத்தம் 1200 கலோரி. அவரிடம் போன எல்லோருக்கும் அதே சார்ட்தான், 55 கிலோ கல்லூரிப் பெண்ணுக்கும் அதே, 86 கிலோ எனக்கும் அதே. ஜெராக்ஸ் கடைக்காரருக்குத்தான் லாபம். முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கியதும் நான் ஆகாயத்தில் பறந்தேன். அதில் பெரும் பகுதி தண்ணீர் என்று அப்போது தெரியாது. அரிசியையும் உப்பையும் திடீரென்று குறைத்தால் உடம்பில் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து தீர்ந்து போகும், அதில் ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால் அதுவும் கூடவே போகும். பத்தொன்பது நாள் தாக்குப்பிடித்தேன். 80 கிலோவில் ஐந்து ரெப்ஸ் (விடாமல் ஐந்து தடவை) ஸ்குவாட் போட்டுக்கொண்டிருந்தவன் 70-இல் மூன்றாவது ரெப்போடு கீழேயே உட்கார்ந்துவிட்டேன், பின்னால் நின்றிருந்த பையன் பாரைப் பிடித்துத் தூக்கினான். வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். இருபதாவது நாள் ராத்திரி பள்ளிபாளையம் சிக்கனோடு ஐந்து பரோட்டா. ஆறாவதுக்கு மனசு இருந்தது, கடையில் மாவு தீர்ந்துவிட்டது. மாசி முடிவதற்குள் போன எடையில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது.

அப்புறம்தான் ஒரு விஷயம் படித்தேன். இரண்டாம் உலகப் போர் முடியும் காலத்தில், 1944 – 45-இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். போரால் பட்டினி கிடந்த மக்களை எப்படி மீட்பது என்று தெரிந்துகொள்வதற்காக அந்த இளைஞர்களைத் தெரிந்தே அரைப் பட்டினி போட்டார்கள். 24 வாரம், நாளுக்குச் சுமார் 1600 கலோரி, அதோடு நடையும் வேலையும். உடல் எடையில் நாலில் ஒரு பங்கு போயிற்று, பையன்கள் எப்போதும் சாப்பாட்டையே நினைத்துக்கொண்டு, சமையல் குறிப்புகளைச் சேகரித்துக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டு இருந்தார்களாம். 1600-க்கு அங்கே வைத்த பெயர் அரைப் பட்டினி. எனக்குக் கிடைத்தது 1200, அதற்கு இங்கே பெயர் டயட் சார்ட்.

இரண்டாவது தடவை அறிவாளியாக மாறினேன். சூத்திரம் ஒன்று கிடைத்தது. மிஃப்ளின் – செயின்ட் ஜியோர் என்று பெயர், 1990-இல் வந்தது, இன்றைக்கும் பெரும்பாலான கலோரி ஆப்களின் உள்ளே ஓடுவது இதுதான். எடையைக் கிலோவில் 10-ஆல் பெருக்க வேண்டும், உயரத்தைச் சென்டிமீட்டரில் 6.25-ஆல் பெருக்க வேண்டும், இரண்டையும் கூட்டி, வயதை 5-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். ஆண் என்றால் 5 கூட்டு, பெண் என்றால் 161 கழி. எனக்கு 860 + 1075 – 195 + 5, மொத்தம் 1745. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் மூச்சு, இதயம், மூளை, ஈரல் எல்லாம் ஓட உடம்பு செலவழிப்பது இது. இதற்கு மேல் நடமாட்டத்துக்காக ஒரு எண்ணால் பெருக்கச் சொல்வார்கள்: நாற்காலியை விட்டு எழாதவர்களுக்கு 1.2, லேசான நடமாட்டத்துக்கு 1.375, நடுத்தரமாக என்றால் 1.55.

எல்லோரும் சறுக்குகிற இடம் இந்தப் பெருக்கல்தான். வாரம் நான்கு நாள் ஜிம்முக்குப் போகிறேனே, நான் எப்படி லேசானவன் ஆவேன்? 1.55 போட்டேன். 2705 வந்தது. எடை குறையட்டும் என்று அதில் 500 கழித்து 2205 என்று வைத்துக்கொண்டேன். அதோடு விட்டேனா? கையில் கட்டியிருந்த வாட்ச் ஒவ்வொரு ஜிம் நாளிலும் 520 கலோரி எரித்துவிட்டாய் என்று பச்சை வளையம் காட்டி பாராட்டும், அந்த 520-ஐயும் சாப்பிட்டுக்கொண்டேன். ஒரே உழைப்புக்கு இரண்டு சம்பளம். பெருக்கலிலும் ஜிம்மைச் சேர்த்தாயிற்று, வாட்சிலும் சேர்த்தாயிற்று. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் ஒரு கிலோ கூடியிருந்தேன்.

வாட்சை மட்டும் குறை சொல்லவில்லை, இதயத் துடிப்பை அது நன்றாகவே எண்ணும். கலோரிதான் அதற்குக் கைவராத கணக்கு. 2017-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஏழு வகை வாட்ச்களைப் பரிசோதித்தபோது அதில் மிக நல்லதே கலோரிக் கணக்கில் சராசரியாக 27 சதவீதம் தவறியது, மிக மோசமானது 93 சதவீதம். எடை தூக்குவதில் பாதி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து அடுத்த செட்டுக்குக் காத்திருப்பதுதான், துடிப்பு மட்டும் குறையாமல் அடித்துக்கொண்டிருக்கும், வாட்ச் அதை ஓட்டம் என்று நினைத்துக்கொள்கிறது போல. என் மாதிரி ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 200, 300 போனால் அதிகம். அது ஒரு பிளேட் வெண்பொங்கலுக்குக்கூடக் காணாது.

அப்படியென்றால் எடை எதற்குத் தூக்க வேண்டும் என்று கேட்பீர்கள். கையில் காசு இல்லாத மாதத்தில் வீட்டில் எதை முதலில் எடைக்குப் போடுவோம்? பரண்மேல் சும்மா கிடக்கிற பாத்திரத்தை. தினமும் சோறு வடிக்கிற பானையை யாரும் விற்பதில்லை. சாப்பாடு குறையும்போது உடம்பும் இதைத்தான் செய்கிறது. வேலை வைக்காத தசையை அது தயங்காமல் கரைக்கும். வாரத்தில் இரண்டு மூன்று தடவை கனமாக வேலை வைத்து, சாப்பாட்டில் புரதமும் போதுமான அளவு கொடுத்தால், தசையை விட்டுவிட்டுக் கொழுப்பிலிருந்து எடுக்கும். எடை தூக்குவது கலோரியை எரிக்க இல்லை. குறைகிற கிலோவில் எது குறைகிறது என்பதைத் தீர்மானிக்க.

ஆனால் சாப்பாட்டில் வைக்கிற பற்றாக்குறை அளவுக்கு மீறினால் இந்தப் பாதுகாப்பும் பலவீனமாகிவிடும். நார்வேயில் விளையாட்டு வீரர்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2011-இல் வெளிவந்தது. ஒரு குழு வாரத்துக்கு உடல் எடையில் 0.7 சதவீதம் குறையும்படி, இன்னொரு குழு 1.4 சதவீதம் குறையும்படி சாப்பிட்டது. இருவருக்கும் எடைப் பயிற்சி ஒன்றுதான். மெதுவாகக் குறைந்தவர்களுக்குக் கொழுப்பும் போயிற்று, கொழுப்பல்லாத எடை இரண்டு சதவீதம் போலக் கூடவும் செய்தது. வேகமாகப் போனவர்களுக்கு அந்தக் கூடுதல் கிடைக்கவில்லை. இதைப் படித்த அன்றைக்குத்தான் "எவ்வளவு குறைவாகச் சாப்பிட முடியும்" என்ற கேள்வியை விட்டுவிட்டு "எவ்வளவு அதிகமாகச் சாப்பிட்டுக்கொண்டே குறைய முடியும்" என்று கேட்க ஆரம்பித்தேன்.

சரி, மூன்றாவது தடவைக்கு வருகிறேன். தராசு வாங்கிய தடவை.

இந்த முறை முதல் இரண்டு வாரம் எதையுமே குறைக்கவில்லை. வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டு, எல்லாவற்றையும் எழுதினேன். தினமும் காலையில் பாத்ரூம் போய் வந்ததும், தண்ணீர்கூடக் குடிக்காமல், எடை. பதினான்கு நாள் எழுதிய கணக்கின் சராசரி 2310 கலோரி, எடை 86-ஐச் சுற்றியே ஆடிக்கொண்டிருந்தது. ஆக, என் உடம்பு நிலையாக இருக்கத் தேவையானது 2310. சூத்திரத்தில் 1.375 போட்டிருந்தால் 2399 வந்திருக்கும், கிட்டத்தட்ட அதுதான். ஆனாலும் என் நோட்டிலிருந்து வந்த எண்ணை நான் அதிகமாக நம்புவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

நான் எழுதும்போது கண்டிப்பாக எதையாவது விட்டிருப்பேன். பையன் தட்டில் மீந்த அரை தோசை, ஆபீசில் யாரோ கொடுத்த பிறந்தநாள் மிட்டாய், தாளிப்பு எண்ணெய். எல்லோரும் விடுவார்கள். 1992-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வில், 1200-க்கும் கீழே சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களைச் சோதித்தபோது அவர்கள் சாப்பிட்டதில் சராசரியாக 47 சதவீதத்தைக் கணக்கில் சொல்லாமல் விட்டிருந்தார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று இல்லை, மனித மனசுக்குச் சாப்பிட்டது நினைவில் நிற்பதில்லை, அவ்வளவுதான். ஆனால் நான் தினமும் 150 கலோரியை எழுத மறக்கிற ஆள் என்றால், அந்த 150 முதல் இரண்டு வாரத்திலும் விட்டுப்போயிருக்கும், பிறகு குறைக்கும்போதும் விட்டுப்போகும். சந்தையில் ஒரே தராசில் வாங்கி அதே தராசில் விற்கிறவனுக்குத் தராசின் கோளாறு நஷ்டம் தராது. வெளியிலிருந்து ஒரு எண்ணை எடுத்து என் நோட்டில் ஒப்பிட்டால்தான் அந்த 150 என் காலை வாரும்.

2310-இல் எவ்வளவு கழிப்பது? 15 முதல் 20 சதவீதம் என்பது எடை தூக்குகிற சாதாரண ஆளுக்குத் தாங்கும். நான் 400 கழித்து, எழுத வசதியாக 1900 என்று வைத்துக்கொண்டேன். ஒரு கிலோ உடல் கொழுப்புக்குச் சுமார் 7700 கலோரி என்பது தோராயக் கணக்கு. நாளுக்கு 400 என்றால் வாரத்துக்கு 2800, அதை 7700-ஆல் வகுத்தால் வாரத்துக்கு 360 கிராம். கேட்கிறவர்களுக்கு முகம் சுருங்கிவிடும், "அவ்வளவுதானா?" என்பார்கள். மாதத்துக்கு ஒன்றரை கிலோ, அதில் பெரும்பாலும் கொழுப்பு. ஒன்றரைக் கிலோ வெண்ணெயை எடுத்து வயிற்றைச் சுற்றி அப்பிப் பாருங்கள், சின்ன விஷயமா என்று தெரியும். உடம்பில் கொழுப்பு மிக அதிகம் உள்ளவர்கள் இதைவிட வேகமாகப் போகலாம், வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம் வரை தாங்கும். ஏற்கெனவே ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் தள்ளியிருப்பவர்கள் (நம்மூரில் இந்த ரகம் ஏராளம்) என்னைவிட மெதுவாகப் போவது நல்லது.

புரதத்துக்கு நான் வைத்துக்கொண்டது நாளுக்கு 135 கிராம். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராமிலிருந்து 2.2 கிராம் வரை என்பதுதான் எடை தூக்குகிறவர்களுக்குப் பொதுவாகச் சொல்வது, நான் கீழ் எல்லையில் நின்றேன், ஏனென்றால் அதற்கே முழி பிதுங்கிவிட்டது. முட்டை ஒன்றில் ஆறு கிராம். பச்சைக் கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 22 கிராமுக்குமேல். துவரம் பருப்பில் 100 கிராமுக்கு 22 இருப்பது நிஜம்தான், ஆனால் ஒரு கரண்டி சாம்பாரில் எத்தனை பருப்பு மிதக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் அந்தப் பெருமை போய்விடும். இப்போது புரட்டாசி, வீட்டில் கறி மீன் ஏறாது, முட்டைக்கும் அம்மா தனி வாணலி வைத்திருந்து அதையும் ஒளித்துவிட்டார். கை கொடுப்பது மீல்மேக்கர்தான். காய்ந்தது 50 கிராமில் 26 கிராம் புரதம், விலையும் மலிவு. வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தடவை நன்றாகப் பிழிந்து எடுத்துவிட்டு மிளகு போட்டு வறுத்தால் அந்த வாடை போகும். பிழியாமல் குழம்பில் போட்டால் ஸ்பாஞ்சைக் கடித்த மாதிரி இருக்கும், பிறகு யாரும் தொடமாட்டார்கள்.

மீதிக் கலோரி அரிசிக்கா எண்ணெய்க்கா என்று நான் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஜிம் போகிற நாளில் சோறு கொஞ்சம் கூட, அவ்வளவே.

சோறு என்றதும் ஒரு அசட்டுத்தனம் ஞாபகம் வருகிறது. குறைக்க ஆரம்பித்த முதல் வாரத்தில் சோற்றை வடித்த பிறகு நிறுத்துவிட்டு ஆப்பில் அரிசி என்று போட்டுக்கொண்டிருந்தேன். 200 கிராம் சோறு என்பது 260 கலோரி, 200 கிராம் அரிசி என்பது 700. மதியச் சாப்பாட்டிலேயே ஒரு நாள் கணக்கு தீர்ந்துபோய் ராத்திரி மோர் குடித்துவிட்டுப் படுத்தேன், மூன்று நாள். நூறு கிராம் அரிசி வெந்தால் 280, 300 கிராம் சோறாகும். நிறுக்கும்போது வெந்ததா வேகாததா என்று பார்த்து அதற்கேற்ற வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணை இருக்கிறது, நம் பருப்பு, கீரை, மீன் எல்லாம் அதில் உண்டு, ஆனால் பெரும்பாலும் சமைக்காத நிலையில். எனவே நான் குக்கரின் வெறும் எடையை அதன் அடியில் மார்க்கரில் எழுதி வைத்தேன். உள்ளே போகிற பொருட்களைப் பச்சையாக நிறுத்து மொத்தக் கலோரி போட்டு, வெந்த பிறகு குக்கரோடு நிறுத்து வெறும் எடையைக் கழித்தால் நூறு கிராமுக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். இரண்டு வாரம் இந்தக் கூத்து அடித்தால் போதும், பிறகு வீட்டில் செய்கிற பதினைந்து இருபது ஐட்டத்தின் எண்ணும் மனப்பாடம் ஆகிவிடும். வாழ்நாள் முழுக்க நிறுக்கச் சொல்லவில்லை.

எண்ணெயைத்தான் எப்படிக் கணக்குப் போடுவது என்று தெரியாமல் திணறினேன். அம்மா ஊற்றுவது கண்ணளவு. அவர் பின்னால் ஸ்பூனை எடுத்துக்கொண்டு நிற்க முடியுமா? ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, இரண்டு தோசைக்கும் ஒரு பொரியலுக்கும் அது எங்கே போனது என்றே தெரியாது. கடைசியில் கணக்கு எழுதுகிறவன் புத்தி கை கொடுத்தது. ஒவ்வொரு பலகாரத்திலும் தேடாமல், மாதக் கடைசியில் ஸ்டாக் எடுத்தால் என்ன? எங்கள் வீட்டில் கடலை எண்ணெய் ஐந்து லிட்டர் டின், பிரிக்கிற அன்று தேதியை டின்மேல் எழுதினேன். சரியாக முப்பது நாள் வந்தது. ஐந்து லிட்டர் என்பது சுமார் 4550 கிராம், கிராமுக்கு 9 கலோரி, மொத்தம் 40,950. முப்பது நாள், நான்கு பேர். தலைக்கு நாளொன்றுக்கு 341 கலோரி! எனக்குத் தலை சுற்றியது. நான் ஆப்பில் எண்ணெய் என்று எழுதிக்கொண்டிருந்தது 100. அதிலிருந்து வீட்டில் எது சாப்பிட்டாலும் எண்ணெய்க்கு என்று தினமும் 300 கலோரியை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத ஆரம்பிக்கிறேன், பொரித்த எண்ணெயில் கொஞ்சம் வீணாகப் போவதற்கு 41 தள்ளுபடி. தேங்காயும் இப்படித்தான். சட்னிக்கு ஒரு மூடி துருவினால் அதில் 400 கலோரிக்குமேல் இருக்கும், நான்கு பேர் சாப்பிட்டால் நூறு, நானே பாதிச் சட்னியைத் தீர்த்தால் இருநூறு. இட்லிமேல் பிரச்சினை இல்லை என்றேனே, அது இதுதான்.

வைகாசியில் மாமன் மகன் கல்யாணம் வந்தது. முதல் நாள் ராத்திரியே மண்டபத்தில் டிபன், அடுத்த நாள் விருந்து, ஜிலேபி, பாயசம், இரண்டாவது தடவை ரசம் சோறு. மறுநாள் காலையில் எடை மெஷின் 85.9 காட்டியது. கல்யாணத்துக்கு முந்தின நாள் 84.1. ஒன்றே முக்கால் கிலோவுக்குமேல் ஏறிவிட்டதே என்று பழைய நானாக இருந்தால் அன்றைக்கே பட்டினி கிடந்திருப்பேன். கணக்கு போட்டுப் பார்த்தேன்: 1.8 கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் வழக்கத்துக்குமேல் 13,860 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். பந்தியில் நான் சிங்கம்தான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. உப்பும் சர்க்கரையும் பிடித்து வைத்த தண்ணீர். நான்கு நாளில் 84-க்கு வந்துவிட்டது, எதையும் குறைக்காமலே. அதனால் ஒரு நாள் எடையை நான் மதிப்பதில்லை, ஏழு நாள் சராசரியை அடுத்த ஏழு நாள் சராசரியோடு ஒப்பிடுவேன், குறைந்தது மூன்று வாரம் பார்க்காமல் 1900-இல் கை வைக்கமாட்டேன் என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன்.

பெண்களுக்கு இதிலும் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. என் மனைவியும் என்னோடு ஜிம்முக்கு வர ஆரம்பித்தாள், 36 வயது, 157 சென்டிமீட்டர், 60 கிலோ. மாதவிடாய்க்கு முந்தின வாரம் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ ஏறி நிற்கும், "ஏங்க, ஒண்ணுமே குறையலை, இதெல்லாம் வேஸ்ட்" என்பாள். இந்த மாதத்தின் அந்த வாரத்தைப் போன மாதத்தின் அதே வாரத்தோடுதான் ஒப்பிட வேண்டும் என்று புரிந்த பிறகு அந்தச் சண்டை நின்றது. அவளுக்கும் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு 1200 சார்ட் வந்திருந்தது. சூத்திரப்படி அவள் படுத்தே கிடந்தாலே 1240 வேண்டும்! வீட்டு வேலை, ஆபீஸ், ஜிம் எல்லாம் சேர்த்து 1700 என்று வைத்து, அவள் கழித்தது 250 மட்டும். 1450. என்னைவிடப் பொறுமை அவளுக்கு அதிகம், இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் யார் ஜெயிப்பார்கள் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும்.

ஆடியில் எனக்கு ஒரு தேக்கம் வந்தது. மூன்று வாரம் சராசரி 83-ஐ விட்டு இறங்கவில்லை. நோட்டில் 1900, 1880, 1910 என்று அழகாக எழுதியிருக்கிறது. இன்னும் 200 குறைத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது டின் காலியானது. தேதியைப் பார்த்தால் இருபத்து நான்கு நாள்தான் ஆகியிருக்கிறது. விசாரித்தால் கதை வெளியே வந்தது: ஆடிக் காற்றுக்குச் சூடாக ஏதாவது வேண்டும் என்று பேரன் கேட்கப்போய் அம்மா சாயங்காலம் சாயங்காலம் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருக்கிறார், நான் ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் ஒன்றிரண்டை வாயில் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன், நோட்டில் ஒன்றுகூட இல்லை. போனைப் பார்த்தால் தினமும் 8500 அடி நடந்துகொண்டிருந்தவன் 5500-க்கு வந்திருக்கிறேன். சாப்பாடு குறையும்போது உடம்பு தெரியாமலேயே நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ளும், மாடிப்படி ஏறத் தோன்றாது, டீக்கடைக்கு வண்டியை எடுக்கத் தோன்றும். எண்ணில் குறை இல்லை, 1900 என்று எழுதிவிட்டு 2150 சாப்பிட்டிருக்கிறேன். சாயங்காலம் அரை மணி நேர நடையைச் சேர்த்தேன், பஜ்ஜியை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம் (நானும் எழுதிவிட்டே சாப்பிட்டேன்), அடுத்த இரண்டு வாரத்தில் மறுபடி இறங்க ஆரம்பித்தது. இப்படி எல்லாம் சரிபார்த்தும் எடை அசையவில்லை என்றால்தான் 100, 150 குறைக்க வேண்டும். அதற்கு எனக்குத் தேவை வரவில்லை.

எண் மிகவும் கீழே போய்விட்டது என்பதை எடை மெஷினைவிட பார்பெல் சீக்கிரம் சொல்லிவிடும். ஒரு நாள் சோர்வாக இருப்பது சகஜம். இரண்டு வாரம் தொடர்ந்து எல்லா லிஃப்டிலும் ரெப்ஸ் குறைந்துகொண்டே போனால், தூக்கம் கெட்டால், குளிராத நாளிலும் குளிர்ந்தால், 150 கலோரியைச் சோறாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடலாம், டாக்டரிடம் பேசி மருந்தைச் சரிசெய்யாமல் எதையும் தொடாதீர்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், சாப்பாட்டைப் பார்த்தாலே பயமும் குற்ற உணர்வும் வருகிறவர்கள், இந்தத் தராசு விளையாட்டு உங்களுக்கு வேண்டாம்.

பதினாறு வாரம் முடிந்தபோது சராசரி 80.6. இடுப்புச் சுற்றளவு 97-இலிருந்து 91 சென்டிமீட்டர். ஸ்குவாட் 80-இலிருந்து 87.5-க்கு, அதே ஐந்து ரெப்ஸ். டெட்லிஃப்ட் 110. பெஞ்ச் மட்டும் பிடிவாதமாக 62.5-லேயே நிற்கிறது, அது குண்டாக இருந்தபோதும் அப்படித்தான் இருந்தது. நம் உடல்வாகுக்கு ஆண்களின் இடுப்பு 90-க்குக் கீழே இருப்பது நல்லது என்று சொல்கிறார்கள், இன்னும் ஒரு சென்டிமீட்டர் பாக்கி.

அதைத் தீபாவளிக்கு முன்னால் முயற்சி செய்கிற அளவுக்கு நான் வீரன் இல்லை. இப்போது 2200-இல் நிலையாக நிற்கிறேன், உடம்புக்கும் வீட்டுக்கும் கொஞ்சம் ஓய்வு. அதிரசமும் முறுக்கும் தீர்ந்த பிறகு மறுபடி இரண்டு வாரம் எதையும் குறைக்காமல் எழுதிப் பார்த்து, புதிய எடைக்குப் புதிய எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும், பழைய 2310 இப்போது செல்லாது. ஐப்பசியில் எனக்கு 40 ஆகிறது. சூத்திரப்படி அந்தப் பிறந்தநாளுக்கு நான் ஐந்து கலோரி குறைத்துக்கொள்ள வேண்டுமாம். அம்மாவிடம் சொன்னேன். "அஞ்சுன்னா எவ்வளவு கண்ணு?" என்றார். சர்க்கரை டப்பாவைத் திறந்து ஸ்பூன் நுனியில் கொஞ்சமாக எடுத்துக் காட்டினேன். பார்த்துவிட்டு, அதை அப்படியே என் காபியில் தட்டிவிட்டுப் போனார்.